வண்டிக்கு அடியில் இரண்டு பாதங்கள்

அவரை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வராது. இரண்டு பாதங்கள்தான் வரும். ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்கள். குதிகாலில் வெடிப்பு, இரண்டாம் விரலில் தேய்ந்துபோன மெட்டி, நகக்கண்ணில் கறுப்பு ஆயில். அரியலூரில் எங்கள் வீட்டு மாடியில் சில வருஷம் குடியிருந்த மாட்டு டாக்டர் அவர். ஊரே டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சுடிதாருக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார். எங்கள் போர்ட்டிகோவில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரிப்பார். அதன்மேல் மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து வண்டிக்கு அடியில் போய்விடுவார். அதற்குப் பிறகு மத்தியானம் வரை வெளி உலகத்துக்கு அந்தப் பாதங்கள்தான் டாக்டர்.

மாட்டுக்காரர்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஏது? வருவார்கள். வந்து அந்தக் கால்களுக்கு எதிரே குந்திக்கொண்டு முறையிடுவார்கள்.

"நேத்துலேருந்து அசை போடலைங்க, டாக்டரம்மா."

அடியிலிருந்து குரல் வரும். "சாணி எப்படிப் போடுது?"

"கெட்டியா போடுதுங்க."

"கெட்டின்னா எப்படி? கையில எடுத்துப் பார்த்தியா? மோந்து பார்த்தியா?"

"அதை எப்படிங்க..."

"போய்ப் பார்த்துட்டு வா."

யோசிக்கும்போது கட்டைவிரல் மட்டும் ஆடும். கோபம் வந்தால் பத்து விரலும் மடங்கிக்கொள்ளும். கண்டுபிடித்துவிட்டார் என்றால் இரண்டு பாதமும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அந்தக் கால்களின் பாஷையை முழுசாகப் படித்துவிட்டார். வாசலிலேயே வந்தவர்களை நிறுத்தி, "இப்பப் பேசாதீங்க, விரலு மடங்கியிருக்கு" என்று எச்சரிக்கை செய்து அனுப்புவார்.

அந்த ஜீப் ஏதோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓடித் தேய்ந்து, கழித்துவிட்ட வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தகரம் தடதடக்கும் சத்தத்தைக் கேட்டாலே ரயிலடிப் பக்கம் வருகிறாரா கடைத்தெருப் பக்கம் வருகிறாரா என்று சொல்லிவிடலாம். ஏன் இந்த வண்டி என்று கேட்டால், தான் பார்க்கிற மாடுகள் தார் ரோட்டு ஓரத்தில் கட்டியிருப்பதில்லை என்பார். அது நியாயம்தான். ஆனால் அந்த வண்டிக்குக் கொடுத்த உபசாரம் இருக்கிறதே! இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு ஒரு ஆயில், பின்பக்கம் உருண்டையாகத் தொங்கும் கிரவுன் என்கிற சாமானுக்குத் தனி ஆயில், பிரேக்குக்கு ஒன்று, ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணீர். எங்கள் வீட்டு அடுப்படியில் மனுஷருக்கே அத்தனை வகை எண்ணெய் கிடையாது. பெரம்பலூர் பஸ்ஸில் எல்லாப் பெண்களும் ஜவுளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். இவர் ஆயில் பில்டரை மடியில் வைத்துக்கொண்டு வருவார், அதே சந்தோஷத்தோடு.

மெக்கானிக்கிடம் விட்டால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். போர்ட்டிகோத் தரையில் ஆயில் கறை படிந்து, என் கோலத்துக்கு இடமே இல்லாமல் போன எரிச்சலில் கேட்டேன்.

"மெக்கானிக் நல்லாத்தாம்மா செய்வான். ஆனா கீழே வடிஞ்சதை அவன்தானே பார்க்குறான்? எனக்குத் தெரியாமப் போயிடுதுல்ல?" என்றார். "மாடும் சரி, இதும் சரி, வாயைத் தொறந்து சொல்லாது. வெளிய வர்றதைப் பார்த்துத்தான் உள்ள என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

அங்கேதான் வருகிறது அவருடைய அந்தப் பழக்கம். எந்தத் திரவமானாலும் சரி, கண்ணில் பட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். வண்டியிலிருந்து வடிந்த ஆயிலை அப்படிச் செய்தால் எவரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அவர் குடிவந்த முதல் வாரம் அத்தை மரியாதையாக ஒரு கிண்ணம் ரசம் கொடுத்து அனுப்பினார். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கிண்ணத்தை வாங்கினார், விரலை விட்டார், தேய்த்தார், மோந்தார். "புளி கொஞ்சம் பழசு" என்றார். இதைக் கீழே வந்து சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் சொன்னேன். அத்தை ஒரு மாசம் மாடிப்படியின் பக்கம் தலை திருப்பவில்லை.

"ரசத்தை மோந்து பாக்குறவ வூட்டுல என்னத்தடி பொங்குவா?"

அவர் எறையூர்ப் பக்கம். கரும்புக்காரக் குடும்பம். கரும்புக் கொல்லையிலேயே கொப்பரை வைத்து வெல்லம் காய்ச்சுவார்களாம். பாகை விரலில் தொட்டுப் பதம் பார்க்கிற வேலை சின்ன வயசிலிருந்தே அவருடையதாம். பால்காரர் பால், டீக்கடை டீ, குழாய்த் தண்ணீர், குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்து என்று எதையும் விட்டதில்லை. அவருடைய கணவர் சென்னையில் வேலை. எப்போதாவது வருவார். வந்தால் மாடியிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஜீப் பக்கம் மட்டும் வரமாட்டார். "அந்த அம்மா என்னை அப்படித் தேய்ச்சுப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணக்கு வாத்தியார். ரொம்ப நல்லவர். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் சோறு இறங்காது. உதவி செய்தால் எதிராளிக்கு இறங்காது.

ஒரு மழைக்காலத்தில் டாக்டரம்மா வெள்ளம் ஓடிய ஓடையில் ஜீப்பை இறக்கி ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் பின்னாலிருக்கும் கிரவுன் நட்டைக் கழற்றினால், கறுப்பாக வரவேண்டிய ஆயில் பழுப்பாக, பால் கலந்த மாதிரி வந்தது. தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். தெளிகிறதா என்று பார்க்க அவர் ஒரு டம்ளர் கேட்டார். நான் கைக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தேன். அதில் பிடித்து போர்ட்டிகோத் திண்டில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனார். ஸ்கூலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், பொண்டாட்டி டீ போட்டு வைத்திருக்கிறாள் என்று பூரித்துப்போய் டம்ளரை எடுத்தார்.

"சார்!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"ஆறிப்போச்சேன்னு பார்த்தேன், மேடம்" என்றார் இவர், உதட்டுக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துக்கொண்டு.

"மோந்து பார்க்காம எதையும் வாயில வைக்காதீங்க சார். இதைத்தான் நான் தலைதலையா அடிச்சுக்குறேன்."

அன்றிலிருந்து அத்தைகூட அவருடைய பழக்கத்தைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஒரே பிள்ளையை அது காப்பாற்றியிருக்கிறதே. அந்த டம்ளர் மட்டும் அடுப்படிக்குத் திரும்பவில்லை. வடிக்கிற பழைய ஆயிலுக்கும் ஆள் இருந்தது. மூங்கில் கொட்டகைக்குக் கரையான் வராமல் பூச வேண்டும் என்று பெரிய கேன்களில் வாங்கிப் போவார்கள். வாங்கிப் போனவர்களில் என் தம்பியும் ஒருவன்.

தம்பி விக்கிரமங்கலத்தில் இருக்கிறான். ஊருக்கு வெளியே எங்கள் பிறந்த வீட்டுக் கொல்லையில், அதாவது நிலத்தில், குடியிருந்து பயிர் செய்கிறான். அவனிடம் செம்பி என்று ஒரு மாடு. தாய்ப்பசு கன்று போட்ட கையோடு செத்துவிட, எங்கள் அம்மா பால் புட்டியில் வளர்த்த கன்று அது. அது வளர்ந்து கொம்பு முளைப்பதற்குள் அம்மாவும் போய்விட்டார். நான் அங்கே போனால் வாசலில் என் குரல் கேட்டதுமே செம்பி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அம்மா கையால் வளர்ந்ததில் நானும் தம்பியும் போக மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஒரு ஐப்பசியில் அது முதல் கன்றுக்குச் சினையாக இருந்தது. தினமும் போனில் அதைத்தான் விசாரிப்பேன். தம்பிக்குச் செம்பிமேல் பொறாமைகூட வந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்கு வண்டி வேலையில் ஒரு கட்டளை உண்டு. கியர் பாக்ஸில் மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு இருக்கும். ஊற்றுவதற்கு மேலே, வடிப்பதற்குக் கீழே. முதலில் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அது கழன்றது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கீழ் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க வரவில்லையென்றால் புது ஆயில் ஊற்ற வழி கிடையாது. வண்டி நின்ற இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். இதை அவர் தனியாக வேலை செய்யும்போதுகூட சத்தமாகச் சொல்லிக்கொள்வார். "மேல முதல்ல. மேல முதல்ல." எங்கள் குழந்தை பேச ஆரம்பித்தபோது 'அம்மா'வுக்கு அடுத்து அதைத்தான் சொன்னது.

வீட்டில் எல்லாருக்கும் காதில் விழுந்தது. ஒருவர் காதில் மட்டும் விழவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. டாக்டரம்மா அட்டை விரித்து, ஆயில் வடிக்கப் பேசினை வைத்து, புது ஆயில் கேனை எடுத்து வைத்துவிட்டு, சென்னையிலிருந்து போன் வந்ததால் மாடிக்குப் போனார். அவர் வருவதற்குள் பாதி வேலையை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. அடியில் நுழைந்தார். கீழ் நட்டு சுலபமாகக் கழன்றது. ஆயில் மொத்தமும் பேசினில் இறங்கியது. பிறகு மேல் நட்டுக்குப் போனார். அது வரவில்லை. அளவு சரியில்லாத ஸ்பேனரைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துத் திருகினார். நட்டின் முனையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. இனி எந்த ஸ்பேனரும் அதில் நிற்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி போன் செய்தான். அழுதுகொண்டே பேசினான்.

"அக்கா, செம்பிக்கு விடியக்காலமே வலி வந்துடுச்சு. ஒத்தக் காலுதான் வெளிய தெரியுது. இங்க மாடு பார்க்குறவர் கையை விரிச்சுட்டார். மாடு படுத்துடுச்சுக்கா. டாக்டரம்மாவ கூட்டிக்கிட்டு வா."

நான் மாடிக்கு ஓடினேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். போர்ட்டிகோவில் என் வீட்டுக்காரர் கையில் ஸ்பேனரோடு நின்றார். பேசின் நிறைய ஆயில் இருந்தது.

டாக்டரம்மா பேசினைப் பார்த்தார். "மேல் நட்டு?" என்று கேட்டார்.

இவர் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கட்டின புருஷனை அப்படித் திட்டக் கூடாதுதான், திட்டினேன். என் தம்பி கொல்லைக்கு வேறு வண்டியில் போக முடியாது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல். மழை பெய்தால் பைக் சக்கரம் சுற்றாது, நடந்தால் முழங்கால் வரை இழுக்கும். நடுவில் ஓடை வேறு. ஊரில் அந்தச் சேற்றில் இறங்கி ஏறக்கூடிய வண்டி எங்களுக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அது குடல் உருவிய மாதிரி நின்றது.

"கத்தாதம்மா" என்றார் டாக்டரம்மா. அடியில் போனார். பாதங்கள் வெளியே நின்றன. விரல்கள் அசையவே இல்லை. அத்தை வாசற்படியில் நின்று அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன், பிள்ளையாருக்கும் அந்தக் கட்டைவிரலுக்கும் சேர்த்து.

கட்டைவிரல் ஆடியது. பிறகு இரண்டு பாதமும் ஒன்றையொன்று தேய்த்தன.

"டாக்டரம்மா கண்டுபிடிச்சுட்டாங்கடி!" என்று அத்தை கத்தினார்.

வெளியே வந்தவர் நேராக டிரைவர் சீட்டுக்குப் போனார். கியர் போடுகிற கம்பியைச் சுற்றியிருந்த ரப்பரை விலக்கி, அதன் அடியில் இருந்த மூடியைக் கழற்றி, கம்பியையே மேலே உருவி எடுத்துவிட்டார். உள்ளே இருட்டாக ஒரு ஓட்டை தெரிந்தது. நேராக கியர் பாக்ஸுக்குள் போகிற ஓட்டை.

"மாடு வாயைத் தொறக்கலைன்னா மூக்கு வழியா டியூப் விடுவோம்ல? அதான்" என்றார். தன் பையிலிருந்து புது டியூப் ஒன்றை எடுத்தார். ஒரு முனையை ஓட்டைக்குள் விட்டு, மறுமுனையில் புனலைச் செருகினார். "கீழ் நட்டை நான் முடுக்கிட்டேன். சார், கேனைப் புடிங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

இவர் ஊற்றினார். எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த அம்மாவுக்கு அத்துப்படி. நிறுத்தச் சொன்ன இடத்தில் இவர் நிறுத்தினார், வாழ்க்கையில் முதல் தடவையாக. கம்பியைத் திரும்பச் செருகி மூடியைப் போட்டதும் நானும் ஏறிக்கொண்டேன். இவர் ஏறவில்லை. சாப்பிடவும் இல்லையாம், நாங்கள் வரும்வரை அந்த அட்டையின்மேல்தான் உட்கார்ந்திருந்தாராம்.

வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதி மழையில் கரைந்து ரோட்டில் கூழாக ஓடியது. நான் அழுதுகொண்டே போனேன். விக்கிரமங்கலம் தாண்டிக் கரிசலில் இறங்கும் இடத்தில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியை இழுத்துப் போட்டார். நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்து இழுத்தன. ஓடையில் தண்ணீர் கதவு வரை வந்தது. "கிரவுன் ஆயில் போச்சு" என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்துவிட்ட திருப்தி இருந்தது.

செம்பி கொட்டகையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. என் குரலைக் கேட்டுக் காதை மட்டும் அசைத்தது. கத்தவில்லை. தம்பி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு குனிந்து, மாட்டின் பின்னால் வழிந்திருந்த நீரில் ஒரு சொட்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். மோந்தார். ரசத்தை மோந்த அதே முகம்.

"கெட்ட வாடை இல்ல. வழவழப்பும் போகல" என்றார். "கன்னு உசுரோட இருக்கு."

தம்பி அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். டாக்டரம்மா கையை உள்ளே விட்டார். கன்றின் இன்னொரு கால் பின்னால் மடங்கியிருந்ததாம். கன்றை மெல்ல உள்ளே தள்ளி, அந்தக் காலைப் பிடித்து நிமிர்த்தி முன்னால் கொண்டு வந்தார். அவர் முகத்தில் வியர்வையும் மழையும் சேர்ந்து ஒழுகின. இரண்டு காலிலும் கயிறு போட்டார். செம்பி முக்கும்போது மட்டும் தம்பியை இழுக்கச் சொன்னார். "அது முக்குறப்ப இழு. நீயா இழுக்காத." கடைசியில் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, செவலைக் கிடாரி, பெண் கன்று.

வந்தது அசையவில்லை. அவர் வைக்கோல் ஒன்றை எடுத்து அதன் மூக்கில் விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் மூட்டினார். கன்று தும்மியது. அவர் மூஞ்சி முழுக்கத் தெறித்தது. துடைத்துக்கொண்டார். துடைக்கும் முன்னால் அதையும் விரலில் தேய்த்துப் பார்த்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

செம்பி தலையைத் திருப்பிக் கன்றை நக்க ஆரம்பித்தது. நான் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் அம்மா செத்த அன்றுகூட நாங்கள் சேர்ந்து அப்படி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் டாக்டரம்மாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஜீப் சேற்றில் நின்றிருந்தது. அதன் அடியில், ஒரு உரச்சாக்கின்மேல், இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழ் நட்டு கசிகிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார். கரிசல் மண் அப்பி, மெட்டி தெரியாமல், மழை சொட்டச் சொட்டக் கிடந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு நான் யார் காலிலும் விழுந்தவள் இல்லை. என் போர்ட்டிகோவில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறதே என்று எத்தனையோ நாள் முணுமுணுத்துத் தாண்டிப்போன கால்கள் அவை. சேற்றில் அப்படியே மண்டி போட்டு இரண்டு கையாலும் அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன்.

பாதங்கள் வெடுக்கென்று உள்ளே போயின. அடியில் ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது.

"யாரு அது! கூச்சமா இருக்குல்ல!"

"நான்தான், டாக்டரம்மா" என்றேன்.

பிறகு பாதங்கள் மெல்லப் பழைய இடத்துக்கு வந்தன. கட்டைவிரல் ஆடியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சாரை எங்கயும் போக வேண்டாம்னு சொல்லும்மா" என்றது குரல். "அந்த மேல் நட்டை அவர்தான் எனக்குக் கழட்டித் தரணும்."